வண்டி வந்ததும் மடையைப் பார்க்கலாம்

அரசு வாகனம் என்பது அலுவலரின் சுகத்துக்காக வாங்கப்படுவதல்ல. பொதுமக்களின் நலனுக்காகவே வாங்கப்படுகிறது. இதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு யாரும் எங்கள் அலுவலகத்தைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

அன்னவாசலில் கடைத்தெருவுக்குப் பின்பக்கம் இருக்கிறது எங்கள் அலுவலகம். பலகையில் 'கண்மாய் மடைகள் ஆய்வுத் துணைக் கோட்டம்' என்று எழுதியிருக்கும். கண்மாய்த் தண்ணீரைத் திறக்கவும் அடைக்கவும் இருக்கிற மடை உடைந்துபோனால், எங்கள் அலுவலர் நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் சரிசெய்ய ஆள் வரும். எங்கள் வேலை அவ்வளவுதான். நான் அங்கே இளநிலை உதவியாளர். மற்றவர்கள் யோசிப்பதை எழுதுகிறவன்.

அலுவலர் ரெங்கராஜ் சார் நல்ல மனிதர். லஞ்சம் வாங்க மாட்டார், முடிவும் எடுக்க மாட்டார். பணியில் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு முடிவு எடுத்திருக்கிறார். அதைப் பற்றித் தணிக்கைக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஆறு வருடம் பதில் எழுதினார். அதோடு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்.

அலுவலக ஜீப்பை ஒன்பது வருடத்துக்கு முன்பே கழிவு செய்தாகிவிட்டது. ஓட்டுநர் முத்துராஜைக் கழிவு செய்ய விதி இல்லை. அவர் தினமும் பத்து மணிக்கு வந்து, பயணப் பதிவேட்டில் 'இன்று வாகனம் ஓடவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். போன வருடம் சாலைப் பாதுகாப்பு வாரத்தில், தொடர்ந்து எட்டு ஆண்டுகள் விபத்தே இல்லாமல் பணியாற்றியதற்காக அவருக்குச் சான்றிதழும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த அலுவலகத்துக்கு ஆனி மாதம் செவந்தி வந்தார். மேலக்கரைப்பட்டிக்காரர். இரண்டு ஏக்கர் நெல், மூன்று மாடு, ஒரு எக்ஸ்எல் மொபெட். ஊர்க் கண்மாயின் மடைப்பலகை உடைந்துவிட்டது என்றும், ஐப்பசி மழைக்குள் சரிசெய்யாவிட்டால் நிறைகிற தண்ணீரெல்லாம் ஓடிப்போய், கதிர் வரும் நேரத்தில் பயிர் காய்ந்துவிடும் என்றும் மனு கொடுத்தார்.

"நாலு கிலோமீட்டருதான் சார். என் வண்டில பின்னாடி உக்காந்துக்கங்க. பத்து நிமிசத்துல பாத்துட்டு வந்துரலாம்" என்றார்.

சார் கோபப்படவில்லை. ஆய்வுப் படிவத்தை எடுத்துக் காட்டினார். மூன்றாவது கலத்தில் 'பயணித்த துறை வாகனம்: ஜீப் / கார். பொருந்தாததை அடிக்கவும்' என்று இருந்தது.

"எக்ஸ்எல்ல வந்தா ரெண்டையும் அடிக்கணும். ரெண்டையும் அடிச்சா நான் கண்மாய்க்கு வரவே இல்லேன்னு ஆயிரும்மா" என்றார்.

செவந்திக்குப் புரியவில்லை. படிக்காதவர் அல்ல, பன்னிரண்டாவது வரை படித்தவர்தான். படிப்பால் புரிகிற விஷயம் இல்லை அது.

அந்த வாரமே மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் கோட்டத்துக்கு ஒரு வாகனம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றும், பிளக்-இன் ஹைப்ரிட், பெட்ரோல் எஸ்.யு.வி. ஆகிய இரண்டில் ஏற்புடையது எது என்பதைத் தக்க காரணங்களுடன் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. செவந்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். வண்டி வந்ததும் முதல் மடை அவருடையதுதான் என்று சாரும் போனை வாங்கிச் சொன்னார். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

பிளக்-இன் ஹைப்ரிட் என்றால் என்ன என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. சார் மட்டும் இரண்டு நாள் செல்போனில் பார்த்துத் தெரிந்துகொண்டு வந்தார். முத்துராஜ் கேட்டார்.

"அது எதுல சார் ஓடும்?"

"கரண்ட்லயும் ஓடும், பெட்ரோல்லயும் ஓடும்."

"கரண்ட் போடலேன்னா?"

"பெட்ரோல்ல ஓடும்."

"அப்ப பெட்ரோல் வண்டிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

சார் செல்போனை எடுத்து மறுபடி பார்த்தார். "ஒரு வயரு" என்றார்.

"அப்ப வயரு வேணுமா வேண்டாமாங்கிறதுதான் கேள்வியா சார்?"

இந்த உரையாடலைக் கோப்பில் 'தொழில்நுட்பக் கலந்தாய்வு' என்ற தலைப்பில் ஏற்றினேன்.

வயர் என்று வந்துவிட்டால் அதைச் செருக இடம் வேண்டும். அலுவலகத்தில் அந்த அளவு மின்சாரம் தாங்குகிற பிளக் பாயிண்ட் ஒன்றுதான். அதில் சாருடைய அறையின் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்குச் செருகினால் சாருக்கு இல்லை. சாருக்குச் செருகினால் வண்டிக்கு இல்லை. சாயங்காலம் சார் கிளம்பிய பிறகு வண்டிக்குச் செருகலாம் என்று நான் யோசனை சொன்னேன். அப்படியானால் வண்டியைக் காவல் காக்க ஆள் வேண்டும். எங்களுக்குக் காவலர் பணியிடம் இல்லை. ஆகவே காவலர் பணியிடம் கேட்டு ஒரு கடிதம். காவலர் வந்தால் உட்கார நாற்காலி வேண்டும் என்று ஒரு கடிதம். மழை வந்தால் காவலர் நனைவாரே என்று தகரக் கொட்டகைக்கு ஒரு கடிதம். கொட்டகை போட அலுவலக முன்வாசலில் இருந்த வேப்ப மரத்தை வெட்ட வேண்டும். சுற்றுச்சூழலைக் காக்கிற வண்டிக்காக மரத்தை வெட்டலாமா என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம். ஆனி முடிவதற்குள் பதினொரு கடிதங்கள் போய்விட்டன. எங்கள் அலுவலகம் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

ஆடி பிறந்தது. ஆடியில் புதுச்சாமான் வாங்குவதில்லை. வாங்கத்தானே கூடாது, யோசிக்கலாமே என்று கேட்டேன். யோசித்தால் முடிவு வந்துவிடக்கூடும் என்று சார் பயந்தார்.

ஆவணியில் ஒப்பீட்டு அறிக்கை தயாரானது. அறுபத்து நான்கு பக்கம். ஹைப்ரிட் வாங்கினால் 'நாலு கிலோமீட்டர் போக எதற்கு இவ்வளவு விலையில் வயர்?' என்று தணிக்கை கேட்கும். பெட்ரோல் வாங்கினால் 'புகையைப் பற்றி உமக்குக் கவலையே இல்லையா?' என்று கேட்கும். இரண்டு கேள்விக்கும் சார் முன்கூட்டியே பதில் எழுதச் சொன்னார். எழுதினேன். ஹைப்ரிட்டே சிறந்தது என்று முப்பத்திரண்டு பக்கமும், பெட்ரோலே சிறந்தது என்று முப்பத்திரண்டு பக்கமும் வந்தது. சார் தராசு பிடிக்கிற மாதிரி இரண்டு கட்டையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்து, "கரெக்டா இருக்கு" என்றார்.

இதற்கிடையில் செவந்தி வாரம் ஒருமுறை வந்துபோனார். நாற்றங்கால் போட்டாகிவிட்டது என்று ஒருநாள் சொன்னார். நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது என்று இன்னொரு நாள் சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கோப்பைப் பார்த்துக்கொண்டேன்.

அறிக்கையில் 'களப் பொருத்தம்' என்று ஒரு இனம் மட்டும் காலியாக இருந்தது. வாகனத்தை எந்தப் பாதையில் ஓட்டப்போகிறோமோ அந்தப் பாதையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். நிலுவையில் முதலாவதாக இருந்தது மேலக்கரைப்பட்டிக் கண்மாய். ஆகவே புரட்டாசி முதல் வாரம், திருச்சியிலிருந்து இரண்டு வண்டிகளையும் வரவழைத்தோம். கூடவே விற்பனையாளர் முகமது அஸ்வர் வந்தார். அந்த வெயிலிலும் டை கட்டிய பிள்ளை.

முத்துராஜ் முதலில் ஹைப்ரிட்டில் ஏறினார். ஒன்பது வருடம் கழித்து ஸ்டியரிங்கைத் தொடுகிறார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பட்டனை அமுக்கினார். சத்தமில்லை. மறுபடி அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார்.

"ஸ்டார்ட் ஆயிருச்சு அண்ணே. நீங்கதான் ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணிப் போடுறீங்க" என்றார் அஸ்வர்.

சத்தமே வராமல் ஓடுகிற வண்டியில் அதிகாரி வருகிறார் என்று ஊருக்கு எப்படித் தெரியும் என்பது சாரின் கவலை. முத்துராஜ் நாலு கிலோமீட்டரும் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டி அந்தக் குறையைத் தீர்த்தார். பின்னால் பெட்ரோல் வண்டியை அஸ்வர் ஓட்டிவந்தார். கண்மாய்க் கரைமேல் ஏறி இரண்டும் மடைக்குப் பக்கத்தில் நின்றன.

செவந்தி வயலிலிருந்து ஓடிவந்தார். கையெல்லாம் சேறு. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"வந்துட்டீங்களா சார். இங்கிட்டுதான் மடை. ஒங்க காலடிலதான் இருக்கு" என்றார்.

சார் காலை நகர்த்திக்கொண்டார். "இன்னைக்கு மடை பாக்க வரலம்மா. வண்டி பாக்க வந்திருக்கோம்."

"வண்டி மடைக்கிட்டதான சார் நிக்குது?"

"நிக்குது. ஆனா இது இன்னும் எங்க வண்டி இல்ல. துறை வண்டில வராம மடையப் பாத்தா, அது பாத்ததா ஆகாது."

"லேசாக் குனிஞ்சு பாருங்க சார். ஒரு நிமிசம்."

சார் குனியவில்லை. குனிந்தால் மடை கண்ணில் பட்டுவிடும்; பட்டால் விதிமீறல். அங்கிருந்த அரைமணி நேரமும் அவர் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். மேகம் ஒன்றுமில்லை.

செவந்தி எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அப்புறம் திரும்பி வயலுக்குள் இறங்கிவிட்டார்.

அதற்குள் ஊர் திரண்டுவிட்டது. சந்தோஷ் என்று ஒரு பையன். அவனிடம் சைக்கிள்கூட இல்லை. ஆனால் கார்களைப் பற்றி நானூறு வீடியோ பார்த்தவன். கிரவுண்ட் கிளியரன்ஸ், டார்க், சன்ரூஃப் என்று அவன் பேசப்பேச அஸ்வரே குறிப்பு எடுத்துக்கொண்டார். கூரையில் திறக்கிற அந்த சன்ரூஃப் எதற்கு என்று சார் கேட்டார். தலையை வெளியே நீட்டலாம் என்றான். புதுக்கோட்டை வெயிலில் எவன் தலையை வெளியே நீட்டுவான் என்று முத்துராஜ் கேட்டார். சார் அதைக் காதில் வாங்கவில்லை. வண்டியைவிட்டு இறங்காமலே மடையை ஆய்வு செய்ய அது உதவும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. குறிப்பில் ஏற்றச் சொன்னார்.

திரும்பும்போது ஒரு சின்ன விஷயம் நடந்தது. பெட்ரோல் வண்டியைப் பின்னால் எடுக்கையில் சக்கரம் மடைமேல் ஏறி, பக்கக் கல் ஒன்று பெயர்ந்து கண்மாய்க்குள் விழுந்தது. 'கரடுமுரடான கட்டுமானங்களின் மீதும் ஏறும் திறன் உடையது' என்று பெட்ரோல் வண்டிக்கு ஒரு மதிப்பெண் கூடியது. அதனால் சமநிலை கெட்டுப்போய் சார் இரண்டு நாள் தூங்கவில்லை.

சமன் செய்வதற்காக அவர் கண்டுபிடித்ததுதான் 'பயனாளிகள் கருத்து'. வண்டி பொதுமக்களுக்காகத்தானே? பொதுமக்களையே கேட்டுவிடுவோம். அக்டோபர் இரண்டாம் தேதி மேலக்கரைப்பட்டி கிராம சபையில் பொருள் எண் நான்காக வண்டியும், பொருள் எண் ஐந்தாக மடையும் வைக்கப்பட்டன. ஐந்துக்கு எதிரே அடைப்புக்குறிக்குள் 'நேரமிருப்பின்' என்று போட்டிருந்தது.

அவ்வளவு கூட்டம் வந்த கிராம சபையை யாரும் பார்த்ததில்லை. வழக்கமாகக் கூட்டம் செல்லுபடியாகிற அளவுக்கு ஆள் பிடிக்க ஊராட்சிச் செயலர் டீக்கடை டீக்கடையாக அலைவார். அன்றைக்கு நிற்க இடமில்லை. ஹைப்ரிட்தான் வேண்டும், காலத்துக்கேற்ப ஊர் மாற வேண்டும் என்று சந்தோஷ் கட்சி. பெட்ரோல்தான் வேண்டும், நாளைக்கு வயரை எலி கடித்தால் யார் பொறுப்பு என்று எதிர்க்கட்சி. ஹைப்ரிட் வந்தால் நம் ஊர் மின்சாரத்தை உறிஞ்சிவிடும் என்று ஒருவர். உறிஞ்சினால் என்ன, நம் ஊர் பேர் வெளியே தெரியும் என்று இன்னொருவர். மாமன் மச்சான் முறை உள்ளவர்களெல்லாம் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள். உழவு மாட்டைக்கூட விற்றுவிட்ட ஊர் அது. அந்த ஊருக்கு அந்த வண்டி வாரத்தில் ஒருநாள்கூட வரப்போவதில்லை.

கை தூக்கி எண்ணினோம். ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு. செவந்தி மட்டும் கை தூக்கவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஒங் கையிலதான் இருக்கு, சொல்லு" என்று அவர் கொழுந்தனே அதட்டினார்.

"எது வேணுமோ வாங்கிக்கங்க. எனக்கு மடைதான் வேணும்" என்றார் செவந்தி.

'செல்லாத வாக்கு ஒன்று' என்று எழுதினேன். பொருள் எண் ஐந்துக்கு நேரமில்லை.

ஐப்பசியில் மழை ஏமாற்றவில்லை. நாலே நாளில் கண்மாய் நிறைந்தது. உடைந்த மடை வழியாக இரவு பகலாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. செவந்தியும் அவர் கணவரும் மண்மூட்டை கட்டி இறக்கிப் பார்த்தார்கள். இரண்டு பேரால் ஆகிற காரியமா அது? ஊரைக் கூப்பிட்டார்கள். மடை அரசாங்கச் சொத்து, அதிகாரிக்கு வண்டி வரப்போகிறது, அவரே வந்து பார்த்துக்கொள்வார், நாம் ஏன் சேற்றில் இறங்க வேண்டும் என்று ஊர் சொல்லிவிட்டது. நூற்றுப் பதினாறு பேரில் பத்துப் பேர் இறங்கியிருந்தால் போதும். எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. நானும் போகவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் ஆத்திரம் அடங்கிவிடுகிறது.

மார்கழியில் கண்மாயில் மாடு குளிப்பாட்டக்கூடத் தண்ணீர் இல்லை. செவந்தி கதிர் வராத பயிரை அறுத்து மாட்டுக்குப் போட்டார்.

தை பிறந்ததும் மேலிடத்துக் கடிதம் வந்தது. எங்கள் கோட்டத்துக்கான வண்டியை ஆனி மாதமே வாங்கியாகிவிட்டதாம். ஆவணியிலிருந்து புதுக்கோட்டையில் ஒரு கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடி நிற்கிறதாம். வாங்கியதற்கு உரிய காரணங்கள் கோப்பில் இல்லாததால்தான் எங்களிடம் காரணம் கேட்டிருந்தார்களாம். எங்கள் அறிக்கையில் இரண்டு வண்டிக்குமே முப்பத்திரண்டு பக்கம் காரணம் இருந்தபடியால் சிக்கல் எதுவும் எழவில்லை. தேவையான பாதியை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். சாரின் உழைப்பைப் பாராட்டித் தனிக் கடிதமும் இருந்தது.

வண்டி வந்தது. மாலை, சந்தனப் பொட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், சீட்டுக்கு வெள்ளை டர்க்கி டவல். கொடுத்த வாக்கை சார் மறக்கவில்லை. முதல் பயணமே மேலக்கரைப்பட்டி மடைக்குத்தான். ஊரே வரவேற்றது. கட்சி பிரிந்திருந்தவர்கள் வண்டியைச் சுற்றி நின்று ஒன்றாகச் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

சார் கரையில் இறங்கி, இந்த முறை நன்றாகக் குனிந்து, மடையைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். நின்று நிதானமாகப் பார்த்தார். கடமையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் படிவத்தில் எழுதினேன்: 'மடை நேரில் ஆய்வு செய்யப்பட்டது. நீர்க்கசிவு ஏதும் காணப்படவில்லை.'

"தண்ணியே இல்லையே சார், எங்கிட்டிருந்து கசியும்?" என்று செவந்தி கேட்டார். "தண்ணி கெடந்தப்ப வந்திருக்கலாமே."

"தண்ணி இருந்தா மடை முங்கிப் போயிருக்கும்மா. எப்படிப் பாக்குறது?"

"அப்ப அடுத்த மழைக்கு?"

"கசிஞ்சா புது மனு கொடுங்க. வண்டிதான் வந்திருச்சே, ஒடனே வந்துருவோம்."

'மனுதாரரின் குறை நிவர்த்தி செய்யப்பட்டது' என்ற இடத்தில் செவந்தி கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. போட்டுக் கொடுத்துவிட்டு, எக்ஸ்எல்லில் ஏறிப் போய்விட்டார். அவமானமாக இருந்தது. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இந்தக் கதையை முடி வெட்டுகிற கடையில் சொல்லியிருக்கிறேன். பொன்னமராவதியில் ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறேன். என் மனைவியிடமும் சொன்னேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். கேட்டு முடித்ததும் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: கடைசியில் எந்த வண்டி வந்தது, ஹைப்ரிட்டா பெட்ரோலா, மைலேஜ் எவ்வளவு? அடுத்த மழைக்கு அந்த அம்மா என்ன செய்வார் என்று ஒருத்தர் கேட்கவில்லை. அதனால் நானும் எந்த வண்டி என்று சொல்வதை நிறுத்திவிட்டேன்.

உங்களுக்கும் தெரிந்துதான் ஆக வேண்டுமென்றால் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். ஆய்வு நடந்ததற்கு ஆதாரமாக மடையைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. கோப்பில் அந்தப் படம் இருக்கிறது. அதில் வண்டி முழுசாக, நம்பர் பிளேட்டோடு தெளிவாக விழுந்திருக்கிறது. மடை தெரியவில்லை. அது வண்டிக்குப் பின்னால் இருக்கிறது. படம் எடுத்தது நான்தான்.